நைட் பஸ் வந்ததும் தீர்ந்துபோன தண்ணீர்

நாய் ஏன் காரைத் துரத்துகிறது, மாட்டு வண்டியை ஏன் துரத்துவதில்லை? நம் நாலாம் வகுப்புச் சுவரில் முதன்முதலாக ஒட்டிய கேள்வி இதுதான். எழுதியவளுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் மறந்திருப்பீர்கள். நமக்கெல்லாம் நாற்பது நெருங்கிவிட்டது. போன தடவை பார்த்தபோது உங்களில் இரண்டு பேர் சர்க்கரை மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தீர்கள். எனக்கும் காதோரம் நரைத்துவிட்டது.

நான் எட்டாவதோடு நின்றவள். அப்பாவின் இரண்டு விரலைப் பிரஸ் மிஷின் எடுத்துக்கொண்ட வருடம் அது. அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் ரோஜாத் தோட்டம், நெல்லூர்ப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட், நடுவில் இரண்டு வருடம் ஒரு கல்யாணம் என்று போய்க்கொண்டே இருந்துவிட்டேன். எந்த ஊரிலும் மூன்று வருடத்துக்கு மேல் கால் நின்றதில்லை. போகிற இடத்திலெல்லாம் ஒரு ஃபாரம் கொடுப்பார்கள், அதில் படிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். எட்டு என்று எழுதும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது நாலாம் வகுப்புதான். அதிலும் மாசி, பங்குனி என்ற இரண்டு மாதம். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். தப்பாகச் சொன்னால் திருத்துங்கள்.

ஒரகடம் அப்போது பாதி முள்காடு. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கம்பெனிகள் எழும்பிவிட்டன. நம் அப்பாக்களில் பலர் ஏர் பிடித்த கையில் ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மாக்கள் கம்பெனியில் கூட்டிப் பெருக்கவும் கேன்டீனில் பாத்திரம் கழுவவும் போக ஆரம்பித்திருந்தார்கள். ஊரில் கடிகாரம் இருந்த வீடு குறைவு, அதற்குத் தேவையும் இல்லை. விடியற்காலை வெள்ளை பஸ் வந்தால் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஏறுவார்கள். வெயில் ஏறுகிற நேரத்தில் நைட் ஷிப்டு முடித்தவர்களை இறக்கிவிட நைட் பஸ் வரும். அதன்பின் ஜெனரல் ஷிப்டு பஸ். உலை வைப்பது, மாட்டை அவிழ்ப்பது, பிள்ளைகளை எழுப்புவது எல்லாமே பஸ்ஸைப் பார்த்துத்தான். "வெள்ள பஸ் போயி எவ்ளோ நாழி ஆவுது, இன்னும் தூங்கிக்கினு கீற" என்றுதான் என் அம்மா என்னை எழுப்புவாள்.

பொங்கல் லீவு முடிந்து போனபோது நம் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லி, குன்றத்தூரிலிருந்து ஒரு புது டீச்சரைப் போட்டார்கள். இரட்டைச் சடை பின்னிவிட்டால் பெரிய பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பில் உட்கார வைத்துவிடலாம், அவ்வளவு ஒல்லி. இரண்டு பஸ் மாறி வருவார். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஊறுகாய் பாட்டில் ஒன்று இருக்கும், அதற்குள் மைதாப் பசை. கூடவே சுருட்டிய பழைய காலண்டர் தாள்கள். தாளின் முன்பக்கம் சாமி படம், பின்பக்கம் நம் கேள்வி. இன்றைக்கும் மைதாப் பசை புளித்த வாசனை எங்கேயாவது வந்தால் எனக்கு எதையாவது கேட்கவேண்டும்போல் இருக்கும்.

அந்த டீச்சருக்கு எதுவுமே தெரியாது. எறும்பு தூங்குமா என்று கேட்டால், "தெரியலையே. எப்படிக் கண்டுபுடிக்கலாம், நீயே சொல்லு" என்பார். கேட்டவனே போய் இரண்டு நாள் எறும்புப் புற்றின் பக்கத்தில் குப்புறப் படுத்துக் கிடக்கவேண்டும். ஊரில் இந்தச் செய்தி சீக்கிரம் பரவியது. கம்பெனி டெம்போவிலிருந்து இறங்கிய என் அம்மா இரண்டு பெண்களிடம், டீச்சருக்கே ஒன்றும் தெரியவில்லையாம், பிள்ளைகளிடம் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறதாம் என்று சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது. ஹெட்மாஸ்டர் பெரிய சாரும் அப்படித்தான் நினைத்தார். இப்போது யோசித்தால் டீச்சருக்கு இருபத்தொரு வயதுக்கு மேல் இருந்திருக்காது. பாதி விஷயம் நிஜமாகவே தெரியாமல்தான் இருந்திருக்கும். தெரியாததை ஒளித்து வைக்கப் பழகாத வயது. அது நம் அதிர்ஷ்டம்.

நாய்க் கேள்வியை எழுதியவள் தரையில் என் பக்கத்தில் உட்காருகிறவள். நாமெல்லாம் ரோட்டோரம் வரிசையாக உட்கார்ந்து ஒரு காலை முழுக்க நாயைப் பார்த்தோம். லாரியைத் துரத்தியது, மொபெட்டைத் துரத்தியது, தயிர்க்காரம்மாவை விட்டுவிட்டது. என் பக்கத்துக்காரி எழுந்து நாய்க்கு முன்னால் ஓடிப் பார்த்தாள், துரத்தியது. திரும்பி நடந்து வந்தாள், வாலாட்டியது. மாட்டு வண்டிக்காரரிடம் கெஞ்சி, மாட்டை ஒரு முழு ஓட்டம் விரட்டச் சொன்னோம். முதலில் திட்டினார். பிறகு அவருக்கே ஆசை வந்து வாலை முறுக்கினார். நாய் குரைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடியது. அன்றைக்கு நாம் போட்ட கூச்சலில் பெரிய சார் பிரம்போடு வெளியே வந்துவிட்டார்.

டீச்சர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். நோட்டில் பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, இடது பக்கம் 'பார்த்தது', வலது பக்கம் 'கேட்டது' என்று எழுதவேண்டும். கண்ணால் பார்த்தது இடது பக்கம், யாரோ சொன்னது வலது பக்கம். மாற்றி எழுதினால் அடிக்கமாட்டார், அழிரப்பரை நீட்டுவார். அடி வாங்குவதைவிட அது வெட்கமாக இருக்கும்.

மாசி பிறந்ததும் ஊருக்கெல்லாம் குழாயில் விடுகிற டேங்கில் தண்ணீர் நிற்காமல் போயிற்று. முன்னெல்லாம் காலையில் வால்வைத் திறந்துவிட்டால் மதியம் சாப்பிட்டுக் கை கழுவுகிற வரைக்கும் குழாயில் வரும். அந்த மாசியில் பள்ளிக்கூடத்தில் ரீசஸ் மணி அடிப்பதற்குள் காற்றுதான் வந்தது. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, நைட் பஸ் வந்ததும் தண்ணி போயிடுது என்று. முதலில் நேரம் சொல்வதற்காகத்தான் அப்படிச் சொன்னார்கள். நாலு நாள் போனதும் அதுவே குற்றச்சாட்டாகிவிட்டது. நைட் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள் யார்? ரூம் பசங்கள்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் மளிகைக் கடைக்காரர் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு நாலு ரூம் கட்டியிருந்தாரே, அங்கே ராமநாதபுரத்துப் பக்கமிருந்து வந்த அண்ணன்கள் பன்னிரண்டு பேர் தங்கியிருந்தார்கள். ஷிப்டு மாறி மாறி வரும், அதனால் எந்த வாரத்திலும் அவர்களில் நாலு பேராவது நைட் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். வந்ததும் குளிப்பார்கள், யூனிஃபார்மைத் துவைத்துக் கொடியில் போடுவார்கள். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த அண்ணன்களால்தான் எனக்கு 'அம்புட்டு', 'இம்புட்டு' என்ற வார்த்தைகள் தெரியும். விடுமுறை நாளில் கேரம் போர்டை வெளியே போட்டு என்னையும் ஒரு கை ஆட விடுவார்கள். அவர்களில் மூத்தவரைப் பெரிய அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஒன்பது வயசுப் பெண்ணான என்னை அவர் தாயி என்பார்.

டேங்க் தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியை ஒட்டியவள் நான்தான். டேங்கின் வெளிச்சுவரில் கயிற்றில் தொங்குகிற இரும்புத் தகடு ஞாபகம் இருக்கிறதா? உள்ளே மிதவை. தண்ணீர் இறங்க இறங்க வெளியே தகடு ஏறும். உச்சிக்குப் போனால் டேங்க் காலி. அது தெரியாமல் முதல் இரண்டு நாள் தகடு ஏறுவதைப் பார்த்து நாம் கைதட்டினோம். வால்வைத் திறந்து மூடுகிற ஆபரேட்டர் மாமாதான் சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுத்தார்.

பிறகு முறை வைத்துப் பார்த்தோம். வெள்ளை பஸ் போகும்போது தகடு அடியில். நைட் பஸ் வரும்போதும் அடியில். பள்ளிக்கூட முதல் மணிக்குப் பாதி. ரீசஸ் மணிக்கு உச்சி. ஐந்து நாளும் இதேதான். எல்லாம் இடது பக்கத்தில், கண்ணால் பார்த்தது. அதன் கீழே நான் எழுதினேன்: நைட் பஸ்ஸில் வருகிறவர்கள்தான் தண்ணீரைத் தீர்க்கிறார்கள்.

டீச்சர் அதைப் படித்துவிட்டுச் சிவப்புப் பேனாவில் ஒரு பெரிய ஸ்டார் போட்டார். என் வாழ்க்கையில் நான் வாங்கிய ஸ்டார் அது ஒன்றுதான். ஓடிப்போய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டாள், பிறகு குழாயடிக்குப் போய்ச் சொன்னாள். குழாயடியிலிருந்து அது ஊராட்சித் தலைவர் வீட்டுக்குப் போயிற்று. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே கணக்கெடுத்துச் சொல்லிவிட்டார்கள், இனி என்ன சாட்சி வேண்டும் என்று தலைவர் கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். பங்குனி முடிவதற்குள் நாலு ரூமும் காலியாக வேண்டும்.

அன்று சாயங்காலம் பெரிய அண்ணன் படியில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் மதில் மேல் ஏறி உட்கார்ந்தேன். வழக்கமாகப் பார்த்ததும் தாயி என்று கூப்பிடுகிறவர் ஷூவையே தேய்த்துக்கொண்டிருந்தார். நானாகத்தான் கேட்டேன், போய்விடுவீர்களா என்று. இன்னும் இரண்டு மாதத்தில் ட்ரெய்னிங் முடிந்து கன்ஃபர்ம் ஆகவேண்டும் என்றார். கம்பெனி பஸ் நிற்கிற ஊரில்தான் ரூம் எடுக்கமுடியும். பக்கத்து இரண்டு ஊரிலும் தெற்கத்திப் பையன்களுக்கு ரூம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை விட்டால் லீவு, சொல்லாமல் மூன்று நாள் லீவு போட்டால் ட்ரெய்னியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதையெல்லாம் அடுத்தவர் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு என் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஸ்டாரை விரலால் தடவினார்.

"எழுத்து நல்லாருக்கு தாயி. நாங்க எத்தன வாளி ஊத்துறோமுன்னு எண்ணுனியா?"

எண்ணவில்லை என்றேன்.

"நாளைக்கு வந்து எண்ணு. மதுலு மேலயே உக்காந்துக்க. குளிக்கிற ஆளப் பாக்காத, வாளிய மட்டும் பாரு."

மறுநாள் விடியற்காலையிலிருந்து நைட் பஸ்ஸில் வந்தவர்கள் குளித்து முடிக்கும்வரை எண்ணினேன். பன்னிரண்டு பேருக்குப் பதின்மூன்று வாளி. பதின்மூன்றாவது துவைக்க. துவைத்த சோப்புத் தண்ணீரைக் கொட்டாமல் கக்கூஸுக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரு வாளியில் ஒரு ஆள் எப்படித் தலையோடு குளிக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பாதி வாளி நனைக்க, பாதி வாளி அலச.

பெரிய அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டே, "எங்க ஊர்ல ஊத்துத் தோண்டி கொட்டாங்கச்சியால மோக்கணும். ஒரு குடம் நெறையங்குள்ள பொழுது பாதி போயிரும். தண்ணியக் கீழ சிந்துனா எங்க ஆத்தா வெளக்கமாத்த எடுத்துரும்" என்றார்.

வீட்டுக்கு ஓடிப்போய் எங்கள் நீல டிரம்மில் வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தேன். பதினான்கு வாளி பிடித்தது. பன்னிரண்டு பேர் குளித்துத் துவைத்தது எங்கள் ஒரு டிரம் அளவுக்குக்கூட வரவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரிடம் சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. டீச்சர் நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு ஆபரேட்டர் மாமாவிடம் நம்மை அழைத்துப்போய் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: வால்வை எப்போது திறக்கிறீர்கள்?

"எனக்கு இன்னா வாட்ச்சா கீது? நைட் பஸ்ஸு வந்தா தொறப்பேன்" என்றார் மாமா.

அதைக் கேட்டு டீச்சர் அங்கேயே, டேங்கின் காலடியில் இருந்த கல்லில் உட்கார்ந்துவிட்டார். வால்வையே நைட் பஸ்ஸைப் பார்த்துத் திறந்தால், தண்ணீர் அதன் பிறகுதானே குறையும். ஊர் முழுக்க மணி பார்த்த பஸ்ஸை நாமும் மணியாக வைத்துக்கொண்டு, கடைசியில் மணியையே பிடித்துத் திருடன் என்று எழுதிவிட்டோம். "ஸ்டார் போட்டது என் தப்பு" என்று டீச்சர் நம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டு அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் அதிகம் கேட்கவில்லை. பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சரி, அவர்கள் இல்லாத நாளில் என்ன ஆகிறது என்று எப்படிப் பார்க்கலாம் என்று கேட்டார்.

அது எனக்குத் தெரியும். பங்குனி உத்திரத்துக்குக் குலசாமி கும்பிட அண்ணன்கள் எல்லாரும் ஊருக்குப் போவதாக இருந்தார்கள். லீவுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தார்கள். திரும்பி வந்ததும் பெட்டியைத் தூக்கவேண்டியதுதான்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகவே தகட்டைப் பார்த்தேன். சனிக்கிழமை நைட் ஷிப்டு முடித்தவர்களை நைட் பஸ் இறக்கிவிட்டது, அதன்பின் ஞாயிறு எல்லாக் கம்பெனிக்கும் லீவு. அண்ணன்கள் பன்னிரண்டு பேரும் ரூமில், ஒரு வாரத்து அழுக்கைத் துவைக்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் தகடு பாதியைத் தாண்டவில்லை. திங்கட்கிழமை அவர்கள் ஊருக்குப் போனார்கள். செவ்வாய், புதன், வியாழன் நாலு ரூமிலும் பூட்டு. மூன்று நாளும் ரீசஸ் மணிக்குத் தகடு உச்சியில். அவர்கள் இருந்தால் தண்ணீர் நிற்கிறது, இல்லாவிட்டால் தீர்ந்துபோகிறது. என் பக்கத்துக்காரி, அப்படியென்றால் அவர்கள்தான் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறார்களா என்று கேட்டாள். டீச்சர் சிரித்த சிரிப்பில் பசை பாட்டில் கவிழ்ந்தது.

அந்த வாரம் சுவரில் ஒட்டியிருந்த வேறொரு கேள்விதான் வழி காட்டியது. அதுவும் அவள் எழுதியதுதான்: இந்த வெயிலில் எங்கள் வீட்டுப் பூசணி மட்டும் ஏன் இவ்வளவு காய்க்கிறது? அதைப் பெருமைக்காகத்தான் எழுதியிருந்தாள். டீச்சர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை முதல் பீரியடில் நம்மை வெளியே கூட்டிக்கொண்டு போனார். ஒருவரும் பேசக்கூடாது, காதால் மட்டும் தேடவேண்டும். இருபது பேர் வாயில் விரலை வைத்துக்கொண்டு தெருவில் அடிமேல் அடி வைத்துப் போனோமே, பின்னாலேயே அந்த நாயும் வந்ததே. பகலில் நம் தெருக்கள் அவ்வளவு அமைதியாக இருக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லா வீட்டிலும் பூட்டு. பூசணி வீட்டுக்குப் பின்னால் வந்தபோது சளசளவென்று சத்தம் கேட்டது. வேலியைத் தாண்டிப் பார்த்தோம். குழாயடியில் நீல டிரம். வாய்வரை நிறைந்து, வழிகிறதே தெரியாமல் நாலு பக்கமும் கண்ணாடிபோல வழிந்து, வாய்க்கால் வெட்டினாற்போல நேராகப் பூசணிக் கொடிக்குப் போய்க்கொண்டிருந்தது. நாம் பேசக்கூடாது என்பதை மறந்துவிட்டோம்.

அதற்கப்புறம் தெருத்தெருவாக ஓடினோம். ஒரு வீட்டில் வாழை, ஒரு வீட்டில் முருங்கை, ஒரு வீட்டில் வெறும் சேறு, அதில் பன்றி. முன்பெல்லாம் வீட்டில் யாராவது இருப்பார்கள். குடம் வைப்பார்கள், நிறைந்தால் மூடுவார்கள். இப்போது அப்பா வெள்ளை பஸ்ஸில் போகிறார், அம்மா ஜெனரல் ஷிப்டில் போகிறாள். தண்ணீர் வரும்போது பிடித்துக்கொள்ளட்டும் என்று, கம்பெனி ஸ்கிராப்பில் வாங்கிய டிரம்மை வைத்துக் காலியாக இருக்கும் குழாயைத் திறந்துவிட்டுப் போகிறார்கள். டிரம் நிறைகிற நேரத்தில் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருந்தார்கள், மூடினார்கள். அவ்வளவுதான். பதினொரு வீடு. ஐந்தாவது எங்கள் வீடு.

எங்கள் டிரம்மும் வழிந்துகொண்டிருந்தது. நான் குழாயை மூடினேன், நோட்டில் எழுதவில்லை. பக்கத்துக்காரி என் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் எழுதிவிட்டேன்.

டீச்சர் மத்தியானம் நம்மை உட்கார வைத்து, கண்டுபிடித்தது நன்றாக இருக்கிறது, ஆனால் இது வகுப்புக்குள்ளேயே இருக்கட்டும் என்றார். ஊரில் பெரியவர்களைக் குற்றம் சொன்னதாக ஆகிவிடும் என்று பயந்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபம். இப்போது தெரிகிறது, மூன்று மாத வேலைக்கு வந்தவர், பெரிய சார் ஒரு வரி எழுதினால் அடுத்த மூன்று மாதம் கிடைக்காது. அப்படிப்பட்ட வேலைகளில்தான் நான் பிறகு இருபது வருடம் இருந்தேன். எதையும் வெளியே சொல்லாமல் எத்தனை தடவை நானும் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சனிக்கிழமை அண்ணன்கள் திரும்பி வந்தார்கள். விபூதியும், நமக்கெல்லாம் ஒரு பை காரச்சேவும் கொண்டுவந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ரேஷன் கடைக்கு முன்னால் கூட்டம். பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு அண்ணன்கள் ஒரு ஓரமாக நின்றார்கள். இன்னும் இரண்டு மாதம் மட்டும் விடுங்கள் என்று பெரிய அண்ணன் கேட்டார். தலைவர், கணக்கெல்லாம் பிள்ளைகளே எடுத்தாயிற்று என்று ஆரம்பித்தார்.

யாரும் சொல்லிவைத்துப் போகவில்லை. நீங்களெல்லாம் ஒவ்வொருத்தராகக் கூட்டத்தின் முன்னால் வந்து நின்றீர்கள். நான் கணக்கையெல்லாம் எழுதிக் கொண்டுவந்த காலண்டர் தாளைப் பிரித்தேன். கணக்கு தப்பு என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு, ரூம் பூட்டியிருந்த மூன்று நாள் கணக்கு, வாளிக் கணக்கு எல்லாவற்றையும் படித்தேன். ஆபரேட்டர் மாமா, ஆமாம், பஸ்ஸைப் பார்த்துத்தான் திறக்கிறேன் என்றார். கடைசி வரி: பதினொரு வீட்டில் டிரம் நிறைந்து வழிகிறது. வீட்டின் பெயர் எழுதவில்லை.

கூட்டத்தில் ஒருத்தர் சிரித்தார். தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பதினொரு வூடுன்னா எந்த வூடு? பேர் இல்லாம சொன்னா யார் நம்பறது?"

அப்பா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்க்காமல் சொன்னேன். "மொதல்ல எங்க வூடு."

பக்கத்தில் நின்றவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்க வூடும்தான். அதான் பூசணி காய்க்குது" என்றாள். அவளுடைய அம்மா தலையில் அடித்துக்கொண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு வரிசையாக எங்க வூடு, எங்க வூடு என்று வந்தது. வழியாத வீட்டுப் பையன் ஒருத்தன்கூட, எல்லாரும் சொல்கிறார்களே என்று தன் வீட்டையும் சொன்னான். கடைசியாகத் தலைவரின் பேரன் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தான்.

"தாத்தா, நம்ம வூடும் கீது. பன்னி படுத்துக்கினு இருந்துச்சே, அது நம்ம வூட்டாண்டதான்."

முதலில் சிரித்தது அண்ணன்கள் இல்லை, என் அப்பா. அதற்கப்புறம் கூட்டம் கூட்டமாக இல்லை. தலைவர் எழுந்து, ரூம் விஷயம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நேராகத் தன் வீட்டுக் கொல்லைப்பக்கம் போனார். அந்த விஷயத்தைப் பிறகு யாரும் பார்க்கவில்லை. பெட்டிகள் அவிழ்ந்தன. பெரிய அண்ணன் வைகாசியில் கன்ஃபர்ம் ஆனார். குன்றத்தூர் டீச்சர் அதற்கு முன்பே போய்விட்டார், லீவு முடிந்து நம் பழைய டீச்சர் குழந்தையோடு வந்ததும். இப்போது எங்கே இருக்கிறார் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். டிரம் எந்த நேரத்துக்கு நிறைகிறது என்று மட்டும் கேட்டார். பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடிக்கும்போது என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார். அம்மாதான் கரண்டியால் என் கையில் ஒன்று வைத்தாள், வலிக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை வெள்ளை பஸ் வந்தது. அப்பா டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் வாசலில் நின்றேன். அந்த வாரம் பெரிய அண்ணனுக்கும் இன்னும் சில அண்ணன்களுக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்டு, அவர்களும் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நகர்ந்தது, உடனே நின்றது. அப்பா குதித்து இறங்கி வீட்டைப் பார்த்து ஓடி வந்தார். என்னைக் கடந்து கொல்லைக்குப் போய்க் குழாயைத் திருகி மூடினார். பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகுமா, அன்றைக்கும் திறந்துவிட்டுத்தான் போயிருந்தார்.

பெரிய அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார். "மாமா, அப்புடியே பக்கத்து வீட்டுதையும் பாத்து மூடிட்டு வாங்க. அவுக இங்கன எனக்கு முன்னால உக்காந்துருக்காக."

பஸ்ஸுக்குள் சிரிப்பு கிளம்பியது. பக்கத்து வீட்டு மாமா முனகிக்கொண்டே இறங்கினார். அவர் பின்னால் இன்னொருவர், அவருக்குப் பின்னால் யூனிஃபார்மோடு இன்னும் மூன்று பேர் இறங்கி, ஆளுக்கொரு சந்தில் ஓடினார்கள். டிரைவர் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்றவைத்தார்.